கூரையை அறுத்தால் கூபே ரோட்ஸ்டர் ஆகிவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் 1929-ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ கூபே (நிலையான கூரை போட்ட இரண்டு கதவுக் கார்) ஒன்றின் பாடி, அதாவது வெளிக்கூடு, விலைக்கு வருகிறது. எஞ்சின் இல்லை. கீழே பழைய சேஸிஸ், அதாவது பாடியையும் எஞ்சினையும் தாங்கும் இரும்புச் சட்டகம், இருக்கிறது. கூரைத் துணி மக்கிப் போய்விட்டது. அந்தக் கூரையை அறுத்தெடுத்துவிட்டு, வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் பொருத்தி, திறந்த ரோட்ஸ்டராக ஓட்ட ஆசைப்படுகிறீர்கள். வெல்டிங் வகுப்புக்கு ஒரு பருவம் போயிருக்கிறீர்கள். எங்கே அறுப்பது, எந்த எஞ்சின் பொருந்தும், எத்தனை நாளாகும் என்று மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் கேட்கப்படாத ஒரு கேள்வி இருக்கிறது: கூரை போன பிறகு அந்த பாடி தன்னைத் தானே தாங்கி நிற்குமா? அதை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பதில் சொன்னால் நான் உங்களுக்குக் கெடுதல் செய்தவனாவேன்.

நான் தகட்டு வேலைக்காரன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஆறு ஆண்டுகள் டிங்கர் வேலை கற்றேன். பிறகு 17 ஆண்டுகளாகக் கலிஃபோர்னியாவில், பழைய கார்களுக்குத் தகட்டு வேலை மட்டும் செய்யும் சிறிய பட்டறையில் இருக்கிறேன். மாடல் ஏ, 1932 ஃபோர்டு என்று இருபதுக்கும் மேற்பட்ட பாடிகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. பாடி, அது சேஸிஸில் உட்காரும் விதம், கதவு இடைவெளி ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். எஞ்சினை உள்ளே திறந்து வேலை பார்ப்பவன் அல்லன். அந்தப் பகுதியில் பார்த்துப் பழகியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ரோட்ஸ்டர் என்பது எது என்று தெளிவாக்கிவிடுவோம். இரண்டு கதவு, ஒரே வரிசை இருக்கை, மடக்கும் துணிக் கூரை, கதவுக்குள் ஏறி இறங்கும் கண்ணாடி கிடையாது. கண்ணாடி ஏறி இறங்கினால் அது கேப்ரியோலே. நான்கைந்து பேர் உட்காரும் திறந்த வண்டி ஃபேட்டன். ஃபோர்டு 1928 முதல் 1931 வரை ஏறக்குறைய 48 லட்சம் மாடல் ஏ வண்டிகளைச் செய்தது. அவற்றில் ரோட்ஸ்டர் தனி பாடியாகவே தொழிற்சாலையிலிருந்து வந்தது. கூபேயின் கூரையைக் கழற்றி அவர்கள் ரோட்ஸ்டர் செய்யவில்லை. உங்கள் திட்டத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

கூபேயில் முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களும் பாடியோடு சேர்ந்தவை. அவை மேலே கூரையின் முன்சட்டத்தில் போய் முடிகின்றன. ரோட்ஸ்டரில் அந்தத் தூண்கள் கிடையாது. பானட்டுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் இருக்கும் கவுல் என்ற பகுதியின்மேல், தனியாக வார்த்த இரண்டு தாங்கிகளை போல்ட் போட்டு முறுக்கி, அவற்றின் நடுவே கண்ணாடிச் சட்டத்தை நிறுத்தியிருப்பார்கள். கூபேயின் கதவில் ஜன்னல் சட்டம் மேலே நீண்டு நிற்கும். ரோட்ஸ்டரின் கதவு இடுப்போடு நின்று, மேல் விளிம்பு உருண்டு உள்ளே மடிந்திருக்கும். முதுகுப் பக்கமும் அப்படித்தான். கூபேயில் பின்கண்ணாடிச் சுவரைத் தாங்குவதற்காக இருந்த விளிம்பு, சுவர் போனதும் கத்தியைப் போல வெறுமனே நிற்கும். அங்கே புதிதாக ஒரு வளைவுத் தகடு செய்து, இருக்கைக்குப் பின்னால் திருப்பி மடிக்க வேண்டும். ஆகவே கூரையை அறுப்பது ஒரு பிற்பகல் வேலை என்றால், அறுத்த வாயை ரோட்ஸ்டரின் உதடாக மாற்றுவது மாதக்கணக்கான வேலை.

தோற்றத்தை விடப் பெரிய விஷயம் விறைப்பு. வீட்டில் ஒரு தீப்பெட்டியை எடுங்கள். குச்சி இருக்கும் உள்தட்டை மட்டும் வெளியே உருவி, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதாக முறுகும். அதையே உறைக்குள் செருகிவிட்டு முறுக்கினால் அவ்வளவு எளிதில் அசையாது. உறை செய்யும் வேலையைத்தான் கூரை செய்கிறது. மாடல் ஏ கூரை முழுத் தகடு அல்ல. மரச் சட்டமும் மர வளைவுகளும் வைத்து நடுவில் துணி போர்த்தியது. ஃபோர்டு முழு எஃகுக் கூரைக்கு வந்தது 1937-இல்தான். "வெறும் மரமும் துணியும்தானே, அது என்ன தாங்கப்போகிறது" என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது.

இந்த ஊருக்கு வந்த மூன்றாம் ஆண்டு, 1930 கூபே ஒன்று அதே வேலைக்காகப் பட்டறைக்கு வந்தது. காலையில் கதவுகளைச் சுற்றி இடைவெளி பார்த்தேன், நான்கு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர், ஒரு பென்சிலைப் படுக்கவைத்தால் நுழையாது. உள்ளே முட்டுக் கொடுக்காமலே அறுத்தேன். கரூரில் தடித்த ஆங்கிளும் ரிவெட்டும் வைத்துக் கட்டிய பாடியோடு பழகிய கை அது. அங்கே ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தாலும் மற்ற மூன்று பக்கங்கள் பிடித்துக்கொள்ளும். மாலையில் கூரையை இருவர் தூக்கி வெளியே வைத்த பிறகு வலப்பக்கக் கதவைச் சாத்தினேன். பின்மேல் மூலை தகட்டில் உரசி நின்றது, ஒரு தாள்கூட நுழையவில்லை. கீழ் விளிம்பில் என் சுண்டுவிரல் போயிற்று. பாடி நடுவில் தொய்ந்து, கதவு வாசல் மேலே குறுகிக் கீழே விரிந்துவிட்டது. அதை நிமிர்த்தி, மறுபடி கதவு சரியாகச் சாத்த எனக்குப் பதினோரு வாரங்கள் ஆயின. அந்தக் கதவின் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே என் முதல் ஆலோசனை, அந்தக் கூபேயை அறுக்காதீர்கள். 90 ஆண்டுகளைக் கடந்து, கதவும் கவுலும் இன்னும் இருக்கும் கூபேயைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதைக் கூபேயாகவே கட்டுங்கள். அல்லது அப்படிக் கட்டப்போகிறவரிடம் விற்றுவிட்டு, ரோட்ஸ்டர் பாடியாகவே பிறந்த ஒன்றை வாங்குங்கள். பழைய ரோட்ஸ்டர் பாடி கிடைப்பது அரிது. ஆனால் ஒகையோ மாநிலத்தில் உள்ள புரூக்வில் ரோட்ஸ்டர் நிறுவனம் மாடல் ஏ ரோட்ஸ்டருக்கும் 1932 ரோட்ஸ்டருக்கும் எஃகுத் தகட்டிலேயே புதிய பாடி செய்கிறது. கண்ணாடியிழையில் செய்பவர்களும் பலர் இருக்கிறார்கள். கண்ணாடியிழை துருப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் கதவுக் கீல் பிடிக்கும் இடத்தில் உள்ளே எஃகுச் சட்டம் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். என் விருப்பம் எஃகு. இது தொழில் பழக்கத்தால் வந்த விருப்பம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல கண்ணாடியிழை பாடியில் கட்டிய அருமையான வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பாடியின் விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். நான் பார்த்த வண்டிகளில் மொத்தச் செலவில் பாடிக்குப் போனது நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருந்ததாக நினைவில்லை. மீதியெல்லாம் சேஸிஸ், எஞ்சின், பிரேக், வயரிங், இருக்கை, பெயின்ட் என்று போய்விடும்.

இல்லை, இந்தக் கூபேதான் வேண்டும் என்று முடிவு செய்தால், வாங்குவதற்கு முன் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் கீழ் நான்கு விரல் உயரம், கவுலின் அடி, பின்சக்கர வளைவுக்குப் பின்னால் இருக்கும் மூலை, டிக்கித் தரையின் ஓரம் ஆகிய இடங்களில் அதை நகர்த்திப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவினால் அங்கே தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி இருக்கிறது. பிறகு படுத்துக்கொண்டு அடியில் பாருங்கள். பாடியின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டம் சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அதைக் குத்திப் பாருங்கள். திறந்த வண்டியின் முதுகெலும்பு அதுதான். அது அரித்துப் போயிருந்தால், மேலே தகடு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது திரும்பி வந்துவிடுங்கள்.

வேலையின் ஒழுங்கு மாறக்கூடாது. முதலில் சேஸிஸ் சரியாக இருக்க வேண்டும். அதை நான்கு தாங்கிகளில் நிறுத்தி ரசமட்டம் பாருங்கள், மூலைவிட்டம் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். மாடல் ஏ சேஸிஸ் 40 குதிரைத்திறன் எஞ்சினுக்காகச் செய்த எளிய சி வடிவச் சட்டம். வி8 வைக்கப்போகிறீர்கள் என்றால் அதன் உட்பக்கத்தை மூடிப் பெட்டியாக்கி, நடுவில் குறுக்குச் சட்டமும் சேர்க்க வேண்டும். பலர் அதை விட்டுவிட்டு 1932 சேஸிஸின் புதுப் பதிப்பை வாங்குகிறார்கள். அந்த ஆண்டு ஃபோர்டில் சேஸிஸின் பக்கத் தகடே வெளியே தெரியும்படி அழகாக வரி அழுத்தியிருப்பார்கள். அதன்மேல் 1928-29 பாடி உட்கார்ந்தால் வரும் நீளமான கோடு எனக்கு மிகவும் பிடித்தது. மாடல் ஏயின் சக்கர இடைவெளி 103.5 அங்குலம், 1932-க்கு 106 அங்குலம். அந்த இரண்டரை அங்குலம் பானட்டின் நீளத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

சேஸிஸ் நேரானதும் பாடியை அதன்மேல் வைத்து, எல்லா போல்ட்டுகளையும் போட்டு, இடையே தகட்டுத் துண்டுகள் செருகி, கதவு இடைவெளி நான்கு பக்கமும் சமமாகும் வரை சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகுதான் முட்டு. ஓர் அங்குலச் சதுரக் குழாயைக் கதவு வாசல்களின் குறுக்கே மூலைவிட்டமாகவும், இடத்தூணிலிருந்து வலத்தூணுக்கும், கவுலிலிருந்து முதுகுக்கும் வைத்து வெல்டு செய்யுங்கள். உள்ளே உட்கார இடமில்லாத அளவுக்குக் குழாயாக இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். அடிச்சட்டத்தை வலுப்படுத்தி, தரையில் புதுத் தகடு போட்டு, கதவுத் தூண்களை உள்ளே தடித்த தகட்டால் இறுக்கிய பிறகு கூரையை அறுங்கள். தகட்டு வேலை முழுதும் முடிந்து கதவு ஒழுங்காகச் சாத்தும் வரை அந்தக் குழாய்களைக் கழற்ற வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாடல் ஏயில் பெட்ரோல் தொட்டி கவுலிலேயே, ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. தொட்டியின் மேல்தகடே காரின் வெளித்தகடு. பெட்ரோல் தானாகக் கீழே இறங்கி எஞ்சினுக்குப் போகட்டும் என்று அப்படி வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் காலியாகக் கிடந்த தொட்டிக்குள்ளும் ஆவி தங்கியிருக்கலாம். தொட்டி வண்டியில் இருக்கும்போது கவுலின் பக்கம் தீப்பொறியே கூடாது. கழற்றி வெளியே கொண்டுபோய் வையுங்கள். கட்டி முடித்த வண்டியிலும் அதைப் பயன்படுத்த வேண்டாம், பின்னால் புதுத் தொட்டி வையுங்கள். ஃபோர்டு நிறுவனமே 1932-இல் தொட்டியைப் பின்னால் கொண்டுபோய்விட்டது.

வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பில் நீங்கள் பழகியது தடித்த இரும்பாக இருக்கும். இங்கே ஒட்டுத் தகடு 20 கேஜ், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தொடர்ச்சியாகக் கோடு இழுத்தால் தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். ஒரு புள்ளி வையுங்கள். அதைச் சுற்றி நீல வளையம் தோன்றும். புறங்கையால் தொட முடியும் அளவுக்கு அது ஆறிய பிறகு, அரை அடி தள்ளி அடுத்த புள்ளி. இப்படித் தாண்டித் தாண்டிப் போய், கடைசியில் புள்ளிகளுக்கு இடையே நிரப்ப வேண்டும். வெல்டு ஆறும்போது தகடு சுருங்கும். அடியில் டாலி என்ற கைக்கடங்கும் இரும்புக் கட்டையை வைத்து மேலே சுத்தியலால் தட்டினால் சுருங்கியது மறுபடி விரியும். எவ்வளவு தட்டுவது என்பதை எழுத்தில் சொல்லித்தர முடியாது. பழைய பானட் ஒன்றை வாங்கி நடுவே வெட்டி, மறுபடி ஒட்டிப் பழகுங்கள். நான்காவது முறை கை கேட்கும். அதுவரை கூபேயைத் தொடாதீர்கள்.

எஞ்சினில் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு, ஏனென்றால் பாதி ரசனை சார்ந்தது. 1932-இல் 65 குதிரைத்திறனோடு வந்து, அமெரிக்கக் கார்களில் 1953 வரை இருந்த ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் (தட்டைத் தலை) வி8, இந்த வண்டிக்கு மரபான இதயம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் ஓட்டிப் பார்த்தவை பெரும்பாலும் இத்தகைய ரோட்ஸ்டர்கள்தாம். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தும் சங்கம் 1937-இல் உருவாயிற்று. 1950-இல் ஓக்லாந்து கண்காட்சியில் அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் என்ற முதல் விருதை வென்றதும் 1929 ஃபோர்டு பாடியில் பில் நீகாம்ப் கட்டிய வண்டிதான். உங்கள் பாடியின் ஆண்டும் அதுவே என்பதால் சொல்கிறேன். ஃபிளாட்ஹெட் அழகு, ஆனால் சூடேறும் குணம் உண்டு. தண்ணீர் வழிகளில் விரிசல் இல்லாத பிளாக் கிடைப்பதும் கடினம். செவ்ரலேயின் சிறிய வி8 எளிதில் கிடைக்கும், உதிரிப்பாகமும் மலிவு. அதன் டிஸ்ட்ரிபியூட்டர் (சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பின்பக்கம் இருப்பதால் எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டைக் குழித்து உள்ளே தள்ள வேண்டியிருக்கும். ஃபோர்டின் 302 என்ற வி8 எஞ்சினில் அது முன்பக்கம் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. எதை எடுத்தாலும், வாங்கி வண்டியில் வைத்துப் பார்க்காமல் தடுப்புத் தகட்டை வெட்டாதீர்கள்.

ஓட்டுவதை விட நிறுத்துவது முக்கியம். மாடல் ஏயின் பிரேக் கம்பி இழுத்து வேலை செய்வது. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தது 1939-இல். உங்கள் வண்டியில் ஹைட்ராலிக் பிரேக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி உள்ள மாஸ்டர் சிலிண்டரும் கட்டாயம். ஒரு வழி கசிந்தாலும் மறுவழி பிடிக்கும். முன் ஆக்சிலில் குறுக்கே ஒரே ஸ்பிரிங் இருப்பதால் வண்டி பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். ஸ்டீயரிங் தண்டும் குறுக்காக வைத்தால் அந்த ஆட்டம் கைக்கு வரும். அதைப் பிடித்துவைக்க, ஆக்சிலையும் சேஸிஸையும் குறுக்காக இணைக்கும் பான்ஹார்டு தண்டு ஒன்று போடுங்கள். முன்சக்கரத்தின் கேஸ்டர் கோணத்தை (சக்கரம் திரும்பும் அச்சு மேலே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) 5 முதல் 7 பாகைக்குள் வையுங்கள், அதையும் வண்டி தன் முழு எடையோடு நிற்கும்போது அளந்து வையுங்கள். மூக்கு தாழ்ந்து நிற்கும் தோற்றத்துக்காகப் பின்பக்கத்தை உயர்த்தினால் அந்தக் கோணம் குறைந்துவிடும். பிறகு வேகத்தில் சக்கரம் நடுங்குகிறது என்று காரணம் தெரியாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட் பெல்ட்டின் பிடிப்பு சேஸிஸில் இருக்க வேண்டும், தரைத் தகட்டில் அல்ல.

ஆவணம் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது அதைத்தான். மாடல் ஏயின் எண் எஞ்சினிலும், சேஸிஸின் இடப்பக்கச் சட்டத்தின் மேலும் பொறிக்கப்பட்டது. சேஸிஸில் இருப்பது பாடிக்கு அடியில் மறைந்திருக்கும், பாடியைத் தூக்கினால்தான் தெரியும். உங்கள் வண்டியில் எஞ்சின் இல்லை, ஆகவே சேஸிஸ் எண்தான் ஒரே ஆதாரம். உரிமைப் பத்திரத்தில் இருக்கும் எண்ணோடு அது பொருந்த வேண்டும். பொருந்தாத எண்ணைத் தேய்ப்பதும் மாற்றிப் பொறிப்பதும் குற்றம், யார் சொன்னாலும் செய்யாதீர்கள். புது சேஸிஸுக்கு மாறினால், கலிஃபோர்னியாவில் அது தனியாகக் கட்டிய வாகனம் என்ற வகையில் போகலாம். அந்த வகைக்குப் புகைச் சோதனை விலக்கு ஆண்டுக்கு 500 வண்டிகளுக்குத்தான். உங்கள் வண்டி எந்த வகையில் வரும் என்பதை மோட்டார் வாகனத் துறையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், என் சொல்லை அதற்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒன்று. அங்கே இந்த வேலையைச் செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், அதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதை அனுமதிப்பதில்லை. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவும், சேஸிஸையோ பாடியையோ பெரிதாக மாற்றாத வண்டிக்குத்தான். வீட்டில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றால் அதை அப்படியே மீட்டெடுங்கள்.

காலக் கணக்கு கேட்டீர்கள். வார இறுதியில் மட்டும் வேலை, வெல்டிங் புதிது, பாடி கூபே என்றால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாது. ரோட்ஸ்டர் பாடியாகவே வாங்கினால் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளில் சாலைக்கு வரலாம். இது நான் பார்த்தவர்களை வைத்துச் சொல்லும் கணக்கு. உங்கள் பாடியின் துருவைப் பார்க்காமல் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அடுத்த முறை கொட்டகைக்குப் போகும்போது நான்கு படங்கள் எடுத்துப் போடுங்கள்: இரண்டு கதவும் சாத்திய நிலையில் பக்கத்திலிருந்து ஒன்று, கதவைத் திறந்து கீழ் விளிம்பு ஒன்று, அடிச்சட்டம் சேஸிஸில் உட்காரும் இடம் ஒன்று, கவுலின் அடி ஒன்று. கூடவே உரிமைப் பத்திரம் இருக்கிறதா, இல்லையா என்பதையும் எழுதுங்கள். எண்ணை மட்டும் பொதுவில் போட வேண்டாம்.